கையெழுத்து வைக்காத படிவம்

இந்த நாட்டில் வாக்குச் சாவடிக்குள் போனால் ஒருவரும் அடையாள அட்டை கேட்பதில்லை. பெயரையும் விலாசத்தையும் சொன்னால் தாளை நீட்டிவிடுவார்கள். விரலில் மை பூசுவதில்லை, வாசலில் துவக்கோடு ஆமிக்காரன் நிற்பதில்லை. லண்டன் நோர்பரியில் எங்கள் வீதிக்கு ஒரு தேவாலய மண்டபம், தடுப்புக்குள் நூலில் கட்டிய பென்சில், அவ்வளவுதான். இவ்வளவு லேசான விசயத்துக்கா ஊரில் இத்தனை அடிபாடு என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அதே லேசாகத்தான் என்னை வெளியே அனுப்பினார்கள்.

இந்த 2009 ஜூனில் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்குத் தேர்தல். ஊரில் சண்டை முடிந்து மூன்று கிழமைகூட ஆகவில்லை. என் பெரியக்கா இரண்டு பிள்ளைகளோடு வவுனியா முகாமில், முள்ளுக்கம்பிக்குப் பின்னால். யாரோ ஒருவரின் கைபேசியில் இரண்டு நிமிடம் கதைத்தா. "உங்களுக்கெண்டாலும் அங்க வாக்கிருக்கு. எங்களை வெளியில விடச்சொல்லிக் கேக்கிற ஆளுக்கு ஒருக்காப் போடு பிள்ளை." முகாம்களைத் திறக்கச் சொல்லிக் குரல் கொடுப்பேன் என்று சொன்ன வேட்பாளர் ஒருவர் லண்டன் பட்டியலில் இருந்தார். "கட்டாயம் போடுறன் பெரியக்கா," என்றேன்.

வியாழக்கிழமை காலை தம்பி ரூபனையும் இழுத்துக்கொண்டு போனேன். அவன் படிக்கவென்று வந்து இரண்டு வருசம், கையில் இலங்கைப் பாஸ்போர்ட். நான் பதினொரு வருசம் ஹொலண்டில் இருந்துவிட்டு, பிள்ளைகள் இங்கிலிஷில் படிக்கட்டும் என்று இங்கே வந்தவள், கையில் டச்சுப் பாஸ்போர்ட். மேசையில் இருந்த மனுசன் பட்டியலில் அடிமட்டத்தை வைத்து வரிவரியாக நகர்த்திப் பார்த்தார்.

"மன்னிக்கவேணும் மேடம், உங்களுக்குக் கவுன்சில் தேர்தலில் மட்டும்தான் வாக்கு."

பாஸ்போர்ட்டை மேசையில் போட்டேன். அட்டையிலேயே ஐரோப்பிய ஒன்றியம் என்று எழுதியிருக்கிறது! அவர் சிரித்த முகத்தோடு, "உங்கள் நாட்டில் போட்டிருக்கலாமே," என்றார்.

"என்ர நாட்டில சனத்தை முள்ளுக்கம்பிக்குள்ள அடைச்சு வைச்சிருக்கினம்!" என்று இங்கிலிஷில் கத்தினேன்.

"ஹொலண்டிலா?" என்று அந்த மனுசன் திகைத்துப் போனார்.

அடுத்தது ரூபன். ஒரு கேள்வியும் இல்லை, நீட்டுத் தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். வெள்ளைக்காரன் எங்களை ஆண்ட புண்ணியத்தில் இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு இங்கே எல்லா வாக்கும் உண்டாம். அக்காவை அடைத்து வைத்திருக்கும் அரசாங்கம் கொடுத்த பாஸ்போர்ட்டுக்கு ஐரோப்பாவில் வாக்கு, ஐரோப்பாப் பாஸ்போர்ட்டுக்கு இல்லை. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"அனுப்பின படிவத்தை நிரப்பவில்லையா?" என்று அந்த மனுசன் கேட்ட பிறகுதான் அது ஞாபகம் வந்தது. கவுன்சிலில் இருந்து வந்ததுதான். 'என் சொந்த நாட்டில் வாக்களிக்க மாட்டேன், இங்கு மட்டுமே வாக்களிப்பேன்' என்று கையெழுத்துக் கேட்ட ஒரு பக்கக் கடதாசி. ஹொலண்ட் அகதி முகாமில் எங்களோடு இருந்த ஒருவர் விளங்காத கடதாசியில் கையெழுத்து வைத்தார். அது தானாக நாடு திரும்பச் சம்மதம் என்று பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து எங்களில் ஒருவரும் 'மாட்டேன்' என்று எழுதிய எதிலும் பேனையை வைப்பதில்லை. பாஸ்போர்ட்டைப் பறிக்கிற வேலையோ என்று பயந்து, நான் அதை மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டிவிட்டேன். எவ்வளவு மொக்குத்தனம்! ஆனால் நான் சும்மா மொக்காகவில்லை. வெருட்டி வெருட்டி எங்களை இப்படி ஆக்கியவர்கள், பிறகு ஏன் கையெழுத்து வைக்கவில்லை என்று சிரித்த முகத்தோடு கேட்கிறார்கள்.

அதே வியாழக்கிழமை ஹொலண்டிலும் இதே நாடாளுமன்றத்துக்குத்தான் வாக்களிப்பு. அங்கே என் பதிவை வெட்டிவிட்டு வந்தவள் நான். ஒரே நாளில் இரண்டு நாடுகள் வாக்களித்தன, இரண்டிலும் என் பெயர் இல்லை.

ரூபன் போட்டுவிட்டு வந்து, "உங்களுக்கும் சேர்த்துத்தான் போட்டனான் அக்கா," என்றான். அவன் மீதும் எரிந்து விழுந்தேன், பாவம்.

ஞாயிற்றுக்கிழமை பெரியக்கா திரும்பப் போன் எடுத்தா.

"போட்டனியே பிள்ளை?"

ரூபன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஓம் பெரியக்கா. போட்டனான்."

"ஒரு வாக்கெண்டாலும் எங்கட பேரில விழுந்திருக்கு," என்று அங்கே பக்கத்தில் நின்ற யாருக்கோ அக்கா சொல்வது கேட்டது.