ஊசி அறைக்குப் பக்கத்து அறை

மனநல மருத்துவமனையில் பல வருஷம் ஆலோசகராக இருந்தவள் அவள். பொது மருத்துவர் கிளினிக்கில் வேலை பார்க்கும் பயிற்சிக்கு வந்தபோது, ஊசி போடும் அறையை ஒட்டிய ஒரு சின்ன அறையைக் கொடுத்தார்கள். இரண்டு நாற்காலி, மூலையில் பஞ்சுப் பெட்டிகள். ஒருவரோடு ஒரு மணி நேரம் நிதானமாகப் பேசிப் பழகியவள், இங்கே கால் மணி நேரத்தில் முடிக்கவேண்டும். அதையாவது பழகலாமென்றால், பேச ஆள் வந்தால்தானே!

டாக்டர் நோயாளிகளைச் சீட்டு எழுதித்தான் அவளிடம் அனுப்பினார். கதவில் "மனநலம்" என்றிருப்பதைப் பார்த்ததும் வந்தவர்கள் மருந்து வாங்கும் சாக்கில் நழுவிவிடுவார்கள். அவள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"பழைய இடத்துக்கே போயிடலாமான்னு இருக்குங்க," என்று வீட்டில் புலம்பினாள்.

கணவர் தையல்காரர். "சட்டைக்கு அளவு கொடுக்கவே கூச்சப்படுறாங்க. நீ மனசையில்ல அளவெடுக்கக் கூப்பிடுற? கொஞ்சம் பொறு," என்றார்.

மறுநாள் அவள் டாக்டரிடம் போனாள். "சீட்டு வேண்டாம் டாக்டர். நீங்களே கூட்டிட்டு வாங்க."

"வரிசை வாசல் வரைக்கும் நிக்குதும்மா."

"ஒரே ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க, போதும்."

டாக்டர் அழைத்துவந்தது ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டுநரை. அடிக்கடி நெஞ்சு இறுக்கம். ஈசிஜியில் ஒரு குறையும் இல்லை. "அண்ணே, இவங்களும் நம்ம ஆளுதான். எங்கிட்ட சொன்னதை இவங்ககிட்டயும் சொல்லுங்க," என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

"எனக்கென்ன பைத்தியமா?" என்றார் ஓட்டுநர்.

"இல்லண்ணே. நெஞ்சு இறுகும்போது எங்க இருப்பீங்க?"

"வண்டியிலதான். சாவியைத் திருகும்போது."

மெல்ல மெல்லக் கதை வந்தது. உருண்டோடிய தண்ணீர் பாட்டிலைத் துரத்திக்கொண்டு ஒரு சிறுமி வேனுக்கு முன்னால் பாய்ந்துவிட்டாள். பிரேக் பிடித்துவிட்டது. பிள்ளை சிரித்துக்கொண்டே பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

"ஒண்ணுமே ஆகலைம்மா. ஆகாத ஒண்ணைப் போய் யார்கிட்ட சொல்றது? வீட்லகூடச் சொல்லலை. சாவியைத் திருக முடியலை, அதான் இப்ப தம்பி ஓட்டுறான்," என்றவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

அவளுக்கு ஒதுக்கிய நேரம் முடியப்போகிறது. மணிக்கணக்கில் பேசித் தீர்க்க வழியில்லை. "வண்டி எங்க நிக்குது?" என்று கேட்டாள்.

"வெளியதான். தம்பி கொண்டுவந்து விட்டான்."

"வாங்க, சும்மா போய் உக்காருவோம்."

இப்படி ஒரு காரியத்தை அவள் செய்ததே இல்லை. முழங்கால் இடிக்க, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். அவர் சாவியைத் திருகினார்.

"இறுகுதும்மா."

"இறுகட்டும். மெதுவா மூச்சு விடுங்க. நான் எங்கயும் போகலை."

வேன் நின்ற இடத்திலேயே உறுமியது. நர்ஸம்மா வாசலில் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, சத்தம் காட்டாமல் உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் ஓட்டுநருடைய தோள்கள் தளர்ந்தன.

"இன்னைக்கு இது போதும்ணே. வீட்ல அக்காகிட்ட சொல்லிடுங்க."

அடுத்த முறை மனைவியும் கூடவே வந்தார். "இதுக்குத்தானா இத்தனை நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்த? நான் வேற என்னென்னவோ நினைச்சுப் பயந்துட்டேன்மா," என்று சொல்லிக்கொண்டே புருஷனின் சட்டைக் காலரைச் சரிசெய்தார்.

சில வாரங்களில் ஓட்டுநர் தெரு முனைவரை ஓட்டினார், பிறகு பள்ளிக்கூடம்வரை, பிறகு பிள்ளைகளோடு. டாக்டரும் கேட்காமலேயே ஆட்களை அழைத்துவர ஆரம்பித்திருந்தார்.

பயிற்சி முடிந்ததும் பழைய மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டார்கள். "இங்கேயே இருந்துடுறேன்," என்றாள் அவள். "வாசல்ல ஆள் காத்திருக்காங்க, அப்புறம் பேசுறேன்."