தலைகீழ்த் தூண்

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. உறையூரிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் டவுன் பஸ்ஸில் கண்டக்டர் வேலை. பிறந்ததென்னவோ தச்சர் குடும்பத்தில்தான். அப்பா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டில் ஒருத்தனாவது மாதச் சம்பளம் வாங்கட்டும் என்று அம்மா என்னை ஸ்கூலுக்கு அனுப்பினாள், தம்பியைப் பட்டறைக்கு அனுப்பினாள். அவன் கைக்கு மரம் வசப்பட்டது. என் கைக்கு டிக்கெட் கிழிக்கத் தெரிந்தது, அவ்வளவுதான்.

ஸ்ரீரங்கத்தில் மாமா இருந்தார், அம்மாவின் அண்ணன். பெரிய தச்சர். அவருக்கு ஒரே பெண், எனக்கு முறைப்பெண். அவளைத்தான் கட்டுவது என்று எனக்குள் என்றைக்கோ முடிவாகிவிட்டது. ஒருநாள் டியூட்டி முடிந்து, காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் நேரே போய் மாமாவிடம் கேட்டுவிட்டேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து நிதானமாகச் சொன்னார்.

"டிக்கெட் கிழிக்கிற கைக்கு ஆசாரி வீட்டுப் பொண்ணா மாப்ள? நான் கொல்லையில பட்டறைக் கொட்டகை போடப் போறேன். அதுல ஒரு தூணையும் உத்திரத்தையும் ஆணி அடிக்காம பூட்டிக் காட்டு. பொண்ணு உனக்குத்தான்."

கேலிக்குச் சொன்னாரோ என்னவோ, நான் பிடித்துக்கொண்டேன். அன்றிலிருந்து தம்பிதான் எனக்கு வாத்தியார். என்னைவிட ஐந்து வயது சின்னவனிடம் திட்டு வாங்கித் தொழில் படிப்பது எப்படியிருக்கும் என்று பட்டவனுக்குத்தான் தெரியும். தூணின் தலையில் கழுந்து எடுக்க வேண்டும், அதாவது நடுவில் ஒரு நாக்கை விட்டுச் சுற்றிலும் செதுக்கிவிட வேண்டும். உத்திரத்தில் அதே அளவுக்குத் துளை போட வேண்டும். நாக்கு துளைக்குள் போய் உட்கார்ந்ததும் பக்கவாட்டில் ஒரு மர முளையை அடித்து இறுக்க வேண்டும். சொல்வதற்கு இவ்வளவுதான். நான் எடுத்த முதல் கழுந்து கிழவன் பல்லைப் போல ஆடியது. அடுத்ததில் மரமே பிளந்துவிட்டது. உளி சரியில்லை என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று அம்மா உள்ளேயிருந்து சொன்னாள். கையிலிருந்த கொட்டாப்புளியை, அந்த மரச் சுத்தியலை, வீசி எறிந்தேன்.

தம்பி அதைப் பொறுக்கிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தான். "மரத்தை ஏண்ணே அடிக்கிறீங்க? அது உங்களை என்ன பண்ணுச்சு?" என்றான். பிறகு விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துக் கழுந்தில் தடவக் கற்றுக்கொடுத்தான். துளைக்குள் விட்டு எடுத்தால் எங்கே இடிக்கிறதோ அங்கே கரி ஒட்டியிருக்கும். அந்த இடத்தை மட்டும் சீவ வேண்டும், திரும்ப விட வேண்டும், திரும்பச் சீவ வேண்டும். மதிய டியூட்டி வரும் நாட்களில் காலை முழுக்க இதுதான் வேலை. பஸ்ஸில் என் கை பட்ட டிக்கெட்டில் எல்லாம் கரி. ஒரு வருஷம் போனது.

மாமா வீட்டுக் கொல்லையில் வேங்கை மரம் வந்து இறங்கியது. எங்கள் ஆட்களுக்கு ஒரு கண்டிப்பு உண்டு. மரம் மண்ணில் எப்படி நின்றதோ அப்படியேதான் தூணாகவும் நிற்க வேண்டும், அடி கீழே, நுனி மேலே. அதற்காக மரக்கடையிலேயே அடிப்பக்கத்தில் காவி தடவி அனுப்புவார்கள். எனக்கு வாய்த்த மரத்தில் அந்தக் காவிப் பக்கம் வெடித்திருந்தது. வெடிப்பு வரைக்கும் அறுத்துத் தள்ளினேன், காவியும் அதோடு போயிற்று. பிறகு நாலு பக்கமும் இழைக்க மரத்தைப் புரட்டிப் புரட்டிப் போட்டேன். கடைசியில் இரண்டு முனையும் ஒன்றுபோலவே இருந்தன. அன்று கிணற்றடியில் துணி துவைத்தபடி அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு முனையைப் பிடித்தேன், கழுந்து எடுத்தேன்.

எப்பேர்ப்பட்ட கழுந்து! தூணை நிறுத்தி உத்திரத்தை இறக்கினோம். கொட்டாப்புளியால் ஒரே ஒரு தட்டு. மயிரிழை நுழைய இடமில்லாமல் போய் உட்கார்ந்தது. தம்பி என்னைக் கட்டிக்கொண்டான். நானே இப்படிப் பூட்டியதில்லை அண்ணே என்றான். என் ஆயுசில் சந்தோஷம் என்று ஒன்று இருந்தால் அது அந்த அரை மணி நேரம்தான்.

மாமா வந்தார். பூட்டை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தூணைக் கையால் தடவிக்கொண்டே வந்தவர் ஒரு கணுவின் மேல் விரலை நிறுத்தினார். கணு மேல்நோக்கித்தான் ஏறியிருக்க வேண்டும், இது கீழே இறங்கியிருந்தது.

"தலைகீழா நிக்குது மாப்ள. இது நின்னா வம்சம் தழைக்காது. எடுத்துட்டுப் போயிடு."

வேறு மரம் கொடுங்கள், நாளைக்கே செய்து தருகிறேன் என்று கெஞ்சினேன். மரம் வேறு இருக்கிறது, சகுனம் வேறு இல்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

அடுத்த தை மாதம் அவளைத் தம்பிக்குக் கொடுத்தார். மூத்தவன் இருக்கும்போது இளையவனுக்கா என்று ஊர் கேட்டது. பெண் நம் வீட்டுக்குத்தானே வருகிறாள் என்று அம்மா சமாதானம் சொன்னாள், அதுவும் என்னிடமே. தம்பி அழுதுகொண்டு வந்து நின்றான். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன் என்றான். கட்டிக்கொள் என்றேன். வேறென்னத்தைச் சொல்ல? ஒரு வருஷம் சலிக்காமல் எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் அவன்.

தூணையும் அவன்தான் கைவண்டியில் ஏற்றி வந்து எங்கள் மாட்டுக்கொட்டகையில் நட்டான். மாட்டுக்குச் சாஸ்திரம் தெரியாது என்றான். அதே வீட்டில் நான் அவளுக்குப் புருஷனின் அண்ணன், மச்சாண்டார் ஆனேன். அதுவரை அத்தான் என்று கூப்பிட்டவள் அதன் பிறகு என் முன்னால் நிற்கவும் இல்லை. சோற்றைத் தட்டில் வைத்து மூடிவிட்டுப் போய்விடுவாள். விடிந்ததும் பால் கறந்துவிட்டு அந்தத் தூணில் சாய்ந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். நான் ஜன்னலைச் சாத்திவிட்டு வேலைக்குப் போவேன். எனக்குப் பெண் பார்த்தார்கள், நான் போகவில்லை. செத்தவனுக்கு எதற்குக் கல்யாணம்?

குழந்தைகள் பிறந்தார்கள், அம்மா போனாள். கைலாசபுரத்தில் பெரிய தொழிற்சாலை வந்தபோது தம்பிக்கு அங்கே வேலை கிடைத்து, குவார்ட்டர்ஸும் கொடுத்தார்கள். சாமான்கள் லாரியில் ஏறிக்கொண்டிருந்தன. மாட்டை முன்பே விற்றாகிவிட்டது. வெறும் கொட்டகையில் அவள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். நான் வந்த வழியே திரும்பி நடக்கப் பார்த்தேன்.

"அத்தான்" என்றாள். எத்தனையோ வருஷம் கழித்து.

"காவி இருந்த பக்கத்தை நீங்க அறுத்ததை அன்னிக்கே பாத்தேன். அந்த முனையிலேயே கழுந்து எடுக்கறீங்கன்னும் தெரியும்."

"ஏன் சொல்லலை?" என்று கேட்டேன்.

"என்கிட்ட யாரு கேட்டா? நீங்க எங்கப்பாகிட்டதான கேட்டீங்க."

வாசலில் தம்பி கூப்பிட்டான். போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். லாரி தெருமுனை திரும்பும் வரை நின்றிருந்தேன். பிறகு கொட்டகைக்குள் போய், அந்தத் தூணை இரண்டு கையாலும் பிடித்து, இருந்த பலத்தையெல்லாம் போட்டு ஆட்டினேன். ஆடவில்லை.