தைலம் சுட்ட தோள்

ரோலானின் வலது தோளில் கொப்புளம் எழும்பியதை முதலில் பார்த்தவன் நான். அதற்குக் காரணமும் நான்தான். எழுபத்தொன்றாம் வருடம், பொங்கலுக்கு முந்தைய திங்கட்கிழமை. இன்னும் பத்தே நாளில் அந்தத் தோளை நம்பித்தான் அவர் தன் வாழ்க்கையின் கடைசி வாய்ப்பைத் தேடிப் போக இருந்தார். 

முருகனை நம்பும் என் சொந்தங்களுக்கு இதை எழுதிச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை பஜனையில் செருப்பு கழற்றி வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் உட்காருபவன் நான். ஏழு வருடமாக வருகிறேன், ஒரு பாட்டைக்கூட வாய்விட்டுப் பாடியதில்லை. போன மாதம் பஜனையை நடத்தும் பேராசிரியர் ஐயா, பியர்ஃபோன்ட்ஸ் பகுதியில் உள்ள தன் வீட்டில், "சுப்பிரமணியம், பேச முடியலேன்னா எழுதிக் குடுங்க, நான் வாசிக்கிறேன்" என்றார். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவன். தெரிந்த வரையில் எழுதுகிறேன்.

என் மனைவி தேவகிக்கு நர்ஸ் வேலை கிடைத்ததால் நாங்கள் மாண்ட்ரியல் வந்தோம். கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே பிசியோதெரபி பிரிவில் எனக்கு உதவியாள் வேலை. வெந்நீர்த் தொட்டியில் ஊறும் ஹாட் பேக்குகளை இடுக்கியால் எடுத்து, துண்டில் சுற்றி, வலி உள்ள இடத்தில் வைப்பேன். இருபது நிமிடம் கழித்து எடுப்பேன். அதிகம் பேச வேண்டியதில்லை. எனக்கு ஏற்ற வேலை.

ரோலான் பேஸ்பால் ஆட்டக்காரர். பந்தை எறிபவர், பிட்சர் என்பார்கள். நம் கிரிக்கெட்டில் பந்து வீசுகிறவரைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரில்தான் பிறந்தார். அப்போது இங்கே பெரிய அணி கிடையாது. பத்தொன்பது வயதில் அமெரிக்காவுக்குப் போனவர், பதினேழு வருடம் அங்குள்ள சின்னச் சின்ன ஊர்களில் பஸ்ஸில் அலைந்து ஆடினார். தோள் போனதும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்து பார்த்தால் அவர் ஊரிலேயே பெரிய அணி வந்துவிட்டது. அவருக்கு வயது முப்பத்தாறு.

அவருடைய அம்மா இந்த நகரத்தை விட்டு வெளியே போனதே இல்லை. மகன் ஒரு நிஜ ஆட்டத்தில் பந்து எறிந்து அவர் பார்த்ததில்லை. "ஒரே ஒரு தடவை அம்மா முன்னால எறியணும், சூபு. அப்புறம் கையே விழுந்தாலும் பரவாயில்ல" என்பார். என் பெயர் அவர் வாயில் அப்படித்தான் வரும். நாங்கள் பேசியது அரைகுறை இங்கிலீஷில். நான் தமிழில் எழுதுகிறேன்.

வாரம் மூன்று நாள் எங்கள் பிரிவுக்கு வருவார். நான் பேசாவிட்டாலும் அவர் பேசிக்கொண்டே இருப்பார். ஒரு ஆரஞ்சுப் பழத்தை என் கையில் வைத்து, எந்தப் பந்துக்கு விரல் எங்கே இருக்க வேண்டும் என்று காட்டுவார். "நீதான் நல்ல ஆளு. என்னை எதிர்த்துப் பேசாத ஒரே மனுஷன்" என்று சிரிப்பார்.

ஆனால் தோள் தேறவில்லை. மூன்று வாரம் பந்தையே தொடாதே என்று டாக்டர் சொன்னார். எங்கள் பிரிவின் தலைவி, நாங்கள் மதாம் என்று கூப்பிடுபவர், திட்டித் திட்டிச் சொன்னார். ரோலான் கேட்கவில்லை. அண்ணன் வீட்டுக் காரேஜில் ஒரு பழைய மெத்தையைத் தொங்கவிட்டு, அதன் மேல் தினமும் எறிந்துகொண்டிருந்தார். எனக்கு மட்டும் அது தெரியும். ஆனால் அவர் கோட்டு போடுவதைப் பார்த்தால் தோள் தேறவில்லை என்பது யாருக்கும் தெரிந்துவிடும். வலது கையை முதலில் நுழைத்து, உடம்பை வளைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு மீதியைப் போடுவார். இன்னும் பத்து நாளில் அந்தப் பெரிய அணியின் ஆட்கள் முன்னால் எறிந்து காட்ட வேண்டும். அதற்கு இரண்டு நாள் முன்னால் தோளில் ஒரு ஊசி போடுவதாக ஏற்பாடு. ஊசி வலியை மறைத்துவிடும், எறிந்துவிடலாம் என்பது அவர் கணக்கு.

அந்தக் கோட்டு போடுவதைப் பார்க்க முடியாமல்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். எங்கள் திண்டுக்கல் பக்கத்து வைத்தியர் காய்ச்சிய தைலம் வீட்டில் ஒரு பாட்டில் இருந்தது. கற்பூரமும் கடுகெண்ணெயும் இன்னும் என்னவோ போட்டது. எங்கள் வீட்டில் மூட்டுவலி, கழுத்துப் பிடிப்பு எல்லாவற்றுக்கும் அதுதான். தைலத்தைத் தேய்த்து மேலே வெந்நீர் ஒத்தடம் கொடுப்போம். அப்படித்தான் வளர்ந்தேன். யாரிடமும் கேட்காமல் அதில் பாதியை ஒரு குப்பியில் ஊற்றி ரோலானிடம் கொடுத்து, காலையில் நன்றாகத் தேய்த்துக்கொண்டு வரச் சொன்னேன். அவர் வந்தார். நான் ஹாட் பேக்கை வைத்தேன். எரிந்திருக்கிறது, ஆனால் அவர் வாயே திறக்கவில்லை. எரிச்சல் என்றால் மருந்து வேலை செய்கிறது என்று நினைத்தாராம். இருபது நிமிடம் கழித்துத் துண்டை எடுத்தேன்.

தோள் முழுவதும் சிவந்து, உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம்.

மதாம் ஓடி வந்தார். "என்ன தடவினாய்?" என்று ரோலானைக் கேட்டார். ரோலான் என்னைப் பார்த்தார். பிறகு, "ஒண்ணும் தடவல. என் தோலு ஒரு மாதிரி, அவ்வளவுதான்" என்றார். நான் அங்கேயே நின்றேன். என் வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. இனி அந்தத் தோளில் ஊசி போட முடியாது, பத்து நாளில் எறியவும் முடியாது என்று டாக்டர் வந்து சொன்னார். ரோலான் கோட்டைத் தோளில் போர்த்திக்கொண்டு போனார். கையை நுழைக்கவே இல்லை.

அன்று மாலை வீட்டில் தேவகி கேட்டாள். "ஏங்க, சோறு அப்படியே இருக்கு. யாருக்கு என்ன ஆச்சு?"

சொன்னேன்.

"தைலத்துக்கு மேல ஹாட் பேக்கா? வீட்டுல ஒரு நர்ஸு இருக்கேன்ல. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"ஊர்ல தைலம் தேச்சுத்தானே ஒத்தடம் குடுப்போம்."

"அது துணிய முக்கிப் பிழிஞ்சு ஒத்தி ஒத்தி எடுக்குறது. இது இருபது நிமிஷம் அப்படியே கெடக்குறது. வாயத் திறக்க அரை நாள் எடுத்துக்குவீங்க. தைலம் குடுக்க மட்டும் எங்கேருந்து வந்துச்சு இந்த அவசரம்?"

 அவள் தட்டைத் திரும்ப என் முன்னால் நகர்த்தினாள். "மதாம்கிட்ட சொல்லிடுங்க."

"வேலை போயிடும், தேவகி."

"போகலாம். போகாமலும் இருக்கலாம். ஆனா அந்த மனுஷன் உங்களுக்காகப் பொய் சொல்லியிருக்காரு. அது நம்ம வீட்டுல இருக்க வேணாம்."

விடிகாலையில் எழுந்து குளித்தேன். எங்கள் சமையலறை அலமாரியில் காப்பித்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் பழனி முருகன் படம் இருக்கிறது. அதன் முன்னால் நின்றேன். எனக்குப் பெரிதாக மந்திரம் எதுவும் தெரியாது. "முருகா, அந்தக் கை மேலே எழும்பணும். நான் கெடுத்ததை நீ சரி பண்ணு. தைப்பூசத்துக்கு உனக்குப் பால் சுமந்து வாறேன்" என்றேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. தைப்பூசத்தில் பால் சுமந்து ஏறுவதற்கு இங்கே கோயில் ஏது? ஜன்னலுக்கு வெளியே பனி மூடிய மவுண்ட் ராயல் மலை நின்றது. அந்த மலைக்கே சுமக்கிறேன் என்று சொல்லிக்கொண்டேன். கடைசியாக, கேட்க நினைக்காத ஒன்றும் வாயில் வந்தது. "இன்னிக்கு ஒரு நாள் எனக்குப் பேச்சைக் குடு."

எனக்கு எந்தக் காட்சியும் கிடைக்கவில்லை, எந்தக் குரலும் கேட்கவில்லை.  ஆனால் மதாம் அறைக்கதவைத் தட்டியது என் கைதான். "மதாம், அது அவர் தோலின் குற்றமில்லை. நான் செய்தது" என்று பேசியதும் என் வாய்தான். நாற்பது வயது வரை என் தொண்டையில் இருந்த அடைப்பு அந்த ஐந்து நிமிடம் எங்கே போனது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

நான் வீட்டிலிருந்து கொண்டுபோயிருந்த தைலப் பாட்டிலை மதாம் திறந்து முகர்ந்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இத குதிரைக்குக்கூடத் தடவ மாட்டாங்க" என்றார். பிறகு தட்டச்சு இயந்திரத்தில் இருந்த தாளை உருவிக் கிழித்தார். "இது என்னன்னு தெரியுமா? அணிக்காரங்களுக்கு எழுதின கடிதம். தோள் மறுபடி வீங்கிருச்சு, இந்த ஆளால முடியாதுன்னு எழுதியிருக்கேன். இன்னிக்குத் தபால்ல போயிருக்கும்."

வேறு கடிதம் எழுதினார். தசையில் கோளாறு இல்லை, ஆஸ்பத்திரியில் நேர்ந்த தவறால் மேல்தோல் மட்டும் வெந்திருக்கிறது, மூன்று வாரம் தள்ளி வையுங்கள் என்று. அடுத்த வாரம் பதில் வந்தது. தள்ளி வைத்தார்கள். புதிய தேதியைக் காலண்டரில் பார்த்தேன். தைப்பூசத்துக்கு மறுநாள்.

எனக்கு வேலை போகவில்லை. ஒரு மாதம் சலவைப் பகுதிக்கு மாற்றினார்கள். அந்த மூன்று வாரமும் ரோலானால் பந்தைத் தொட முடியவில்லை. சட்டை உரசினாலே எரியும் தோளை வைத்துக்கொண்டு எங்கே எறிவது? டாக்டர் சொல்லியும் மதாம் சொல்லியும் எடுக்காத ஓய்வை என் தைலம் எடுக்க வைத்தது. அந்த வாரம் ஊசி போட்டு வலி தெரியாமல் முழு வேகத்தில் எறிந்திருந்தால் உள்ளே தசைநார் அறுந்தே போயிருக்கும் என்று டாக்டர் பிறகு சொன்னார். தேவகி அதைக் கேட்டு வந்து என்னிடம் சொன்னாள். "உடனே தலைல கொம்பு மொளைக்க வேணாம். நீங்க தெரிஞ்சு செஞ்சதில்ல அது" என்றும் சொன்னாள். அது உண்மை. செய்த தவறு என்னுடையது. அதை நன்மையாகத் திருப்பியது நான் இல்லை.

தைப்பூசத்தன்று காலை செம்பில் பால் ஊற்றி, மஞ்சள் துணியால் வாயைக் கட்டி, தலையில் வைத்துக்கொண்டு மலைப்பாதையில் ஏறினேன். வேட்டிக்கு உள்ளே இரண்டு பேண்ட். செருப்பில்லாமல் நடக்கத்தான் ஆசை, தேவகி விடவில்லை. பனிச்சறுக்குக் கட்டைகளோடு எதிரே வந்தவர்கள் வழி விட்டு நின்றார்கள். ஒரு வயதான பெண்மணி சிலுவைக்குறி போட்டார். எத்தனையோ பேர் என்னைப் பார்த்த நாள் அது. எனக்குக் கூச்சமே வரவில்லை. உச்சியில் துணியை அவிழ்த்தால் பால் மேலே உறைந்திருந்தது. விரலால் தட்டி உடைத்தேன். வீட்டுக்கு வந்து, முருகன் படத்துக்கு முன்னால் உள்ள சிறிய வேலுக்கு அபிஷேகம் செய்தோம்.

மறுநாள் ஒரு பள்ளி விளையாட்டுக் கூடத்தில் ரோலான் எறிந்தார். என்னையும் வரச் சொல்லியிருந்தார். முதல் பத்துப் பந்தும் மோசம். ஒன்று தரையில் மோதியது. ஒன்று பிடிக்க இருந்தவரின் தலைக்கு மேலே போனது. அணியின் ஆட்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். ரோலான் நின்றார். தோளை ஒரு முறை மேலே தூக்கி இறக்கினார். அவர் முகத்தில் வியப்பு தெரிந்தது. "வலிக்கலயே" என்று எனக்குக் கேட்கும்படி சொன்னார். வலிக்குப் பயந்தே எறிந்து பழகிய கை அது. அதன் பிறகு எறிந்த பந்துகள் பிடிப்பவரின் கையுறையில் விழுந்த சத்தத்தை நான் மறக்க மாட்டேன்.

ஃப்ளோரிடாவில் நடக்கும் அணியின் பயிற்சி முகாமுக்கு வரச் சொன்னார்கள். அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. முகாம் முடிவில் பெரிய அணியில் இடமில்லை என்று கீழ் அணிக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து எனக்கு ஒரு அஞ்சலட்டை வந்தது: "பசங்க எல்லாம் என் வயசுல பாதி. கோட்டு மட்டும் நல்லா போடுறேன்." தினமும் காலையில் அந்த அட்டையை முருகன் படத்துக்குக் கீழே வைத்து வேண்டிக்கொண்டேன்.

ஆகஸ்டில் பெரிய அணியில் ஒருவருக்கு அடிபட்டது. ரோலானைக் கூப்பிட்டார்கள். ஒரு ஞாயிறு மதியம், நானும் தேவகியும் அவருடைய அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம். அந்த அம்மா கையில் ஜெபமாலை. என்னை மேலும் கீழும் பார்த்து, "நீதானா அந்தத் தைலக்காரன்?" என்றார். நான் தலையாட்டினேன். "இன்னும் ஒரு பாட்டில் இருந்தா எனக்கு முட்டியில வலி" என்றார்.

ரோலான் எறிய வந்தபோது ஆட்டம் பாதி முடிந்திருந்தது. மூன்று பேரை ஆட்டமிழக்கச் செய்ய வேண்டும். முதல் ஆள் பந்தை வேலியைத் தாண்டி அடித்தான். ஒரு ஓட்டம் போயிற்று. அந்த அம்மாவின் விரல்கள் மாலையில் நின்றுவிட்டன. நான் "முருகா" என்றேன். வாய்விட்டுத்தான் சொன்னேன், முன்வரிசையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். பிறகு ஒருவன் ஆட்டமிழந்தான், இன்னொருவனும் ஆட்டமிழந்தான். கடைசி ஆளுக்கு ரோலான் மெதுவாக வளையும் ஒரு பந்தை எறிந்தார். ஆரஞ்சுப் பழத்தில் எனக்குக் காட்டிய அதே பந்து. அவன் காற்றை அடித்தான். ரோலான் தொப்பியைக் கழற்றி, வலது கையை நேராக மேலே தூக்கி, அம்மா இருந்த பக்கம் காட்டினார். அந்த அம்மா கை தட்டவில்லை. மாலையை முத்தமிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இன்னும் சில ஆட்டங்களில் எறிந்தார். அந்த வருடக் கடைசியில் அணி அவரை விடுவித்தது. அவர் அழவில்லை. கேட்டது ஒரு தடவை, கிடைத்தது ஐந்தாறு தடவை என்றார். இப்போது டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி தூக்குகிறார்.

என் வாழ்க்கையில் மாறியது ஒன்று. நான் இன்றும் கூச்சக்காரன்தான். ஆனால் தவறு செய்தால் அன்றே போய்ச் சொல்லிவிடுகிறேன். ரோலானின் கையைச் சரி பண்ணச் சொல்லிக் கேட்டபோது, முதலில் எனக்குக் கிடைத்தது வாய். அந்த வாயைத் திறந்த பிறகுதான் கைக்கு வழி பிறந்தது. உங்களில் யாராவது சொல்ல முடியாத ஒன்றை நெஞ்சில் வைத்துக்கொண்டு இருந்தால், முருகனிடம் கேளுங்கள். பெரிய மந்திரம் வேண்டாம். காப்பித்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் நின்று கேட்டாலும் கேட்பான்.

தைப்பூசத்துக்கு வருடா வருடம் அந்த மலைக்குப் பால் கொண்டு போகிறோம். இரண்டாம் வருடம் ரோலானும் வந்தார். பாதி வழியில் எனக்கு மூச்சு வாங்கியது. அவர் செம்பை வாங்கித் தன் வலது தோளில் வைத்துக்கொண்டார். தழும்பு இருக்கும் இடத்தில். அன்று முதல் செம்பு அவருடையது. இந்த வருடம் நீங்களும் வாருங்கள். காலையில் மலைப்பாதையின் தொடக்கத்தில் நிற்போம். கூச்சப்படுபவர்கள் வரிசையின் கடைசியில் வரலாம். நானும் அங்கேதான் நடப்பேன்.