முத்துச்சாமியின் நீலக் குழாய்

சோதனைக் குழாயை மரக்கிடுக்கியில் பிடித்துச் சாராய விளக்கின் மேல் ஆட்டிக்கொண்டிருக்கிறார் முத்துச்சாமி. உள்ளே நீல மருந்தோடு சேர்ந்து கொதிப்பது அவர் மனைவி சொர்ணலட்சுமியின் சிறுநீர். செங்கல் நிறம் வந்தால் சர்க்கரை அதிகம்; நீலமாகவே நின்றால் இல்லை. இரண்டு மாதமாக நீலம்தான். வாசலில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டுவார். பால்காரர் இப்போதெல்லாம் அடுத்த தெரு வழியாகப் போகிறார்.

திண்டுக்கல்லில் ஒரு பள்ளி ஆய்வகத்தில் முப்பது வருடம் குழாய் கழுவியவர். தொண்ணூற்றெட்டில் ஓய்வு பெற்றார், மறுநாளே விஞ்ஞானியாகிவிட்டார். மேட்டுப்பட்டி வீட்டில் போட்ட முருங்கை விதை ஆறே மாதத்தில் ஓட்டுக்கூரையைத் தாண்டி வளர்ந்தது. "இம்புட்டு வேகமா வளர்ற மரத்துக்குள்ள எம்புட்டுச் சக்தி இருக்கணும்!" இது அவருடைய முதல் ஆராய்ச்சி முடிவு. கடைசி முடிவும் இதுதான்.

முருங்கை பற்றிய பத்திரிகைத் துண்டுகளைப் பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறார். "வெளிநாட்டுக்காரன் இன்னும் எலிக்குக் குடுத்துப் பாத்துக்கிட்டிருக்கான். நான் நேரா வீட்டுக்காரிக்கே குடுத்துட்டேன்" என்பார். மனைவியின் மாத்திரைகளைச் சாக்கடையில் கொட்டிவிட்டுத்தான் ஆராய்ச்சியைத் தொடங்கினார். தினமும் ஒரு டம்ளர் முருங்கையிலைப் பச்சைச் சாறு. அந்த அம்மாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பார்.

பக்கத்து வீட்டு இன்னாசியம்மாளுக்கும் சர்க்கரை. போன வருடம் கால்விரல் ஒன்றை எடுத்துவிட்டார்கள். இன்று டம்ளரோடு வந்தார்.

"அண்ணே, மாத்திரைய நிப்பாட்டிட்டேன். எனக்கும் ஊத்துங்க."

"எத்தன நாளாச்சு?" என்றார் சொர்ணலட்சுமி.

"நாலு நாளாச்சு மதினி. மறுபடியும் கால்ல புண்ணு. இலைக்குக் கேக்கும்ல?"

"கேக்காம என்ன தங்கச்சி!" முத்துச்சாமி டம்ளர் நிறைய ஊற்றினார்.

சொர்ணலட்சுமி அடுப்படியிலிருந்து கடுகு டப்பாவைக் கொண்டுவந்து தரையில் கவிழ்த்தார். கடுகோடு மாத்திரைப் பொட்டலங்கள் விழுந்தன.

"வெள்ளிக்கிழமை கோயிலுக்குன்னு சொல்லிட்டுப் பெரியாஸ்பத்திரிக்குத்தான் போறேன். காலையும் ராத்திரியும் மாத்திரை போடுறேன். அதான் நீலம். இவரு பேச்சக் கேட்டு மிச்ச விரலையும் குடுத்துறாத இன்னாசி. கெளம்பு ஆஸ்பத்திரிக்கு, நானும் வாரேன்."

முத்துச்சாமி சிதறிய கடுகையே பார்த்தார். பிறகு, "இலை உள்ள போனதாலதான் மாத்திரையே வேல செஞ்சிருக்கு" என்றார்.

சொர்ணலட்சுமியோடு படியிறங்கும்போது, இன்னாசியம்மாள் மனசு கேட்காமல் திரும்பினார். "அண்ணே, மத்தியானம் பருப்புல போட கீரை ரெண்டு கொத்து ஒடிச்சுக்கிறட்டா?"

அந்த அம்மாளுக்குக் கை எட்டவில்லை. முத்துச்சாமி எழுந்து போய்க் கிளையை வளைத்துப் பிடித்துக்கொண்டார்.

"மூணு கைப்பிடிக்கு மேல வேணாம் தங்கச்சி. அளவு கூடிரும்."