அரிஷ்டத்துக்கு ஒரு கண்ணாடி அலமாரி

மதுவிலக்குக் காலத்தில் செஞ்சி கடைத்தெருவில் அமோகமாக விற்ற மருந்து திராட்சை அரிஷ்டம். அங்கிருந்த நாட்டு மருந்துக் கடைக்குப் பின்னால் பெரிய ஜாடிகளில் திராட்சையையும் வெல்லத்தையும் போட்டு மூடி, புளித்ததும் வடிகட்டிப் புட்டியில் அடைப்பார் முதலாளி. அஜீரணத்துக்கு நல்லது. அந்த அஜீரணம் ஏன் ஆண்களுக்கு மட்டும், அதுவும் பொழுது சாய்ந்த பிறகே வருகிறது என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். கட்டட வரைபடம் போடக் கற்றிருந்தேன். முதலாளி கூப்பிட்டனுப்பினார்.

"சரக்கு வைக்கிற ரூமும் முன்னாடி அலமாரியும் புதுசா போடணும்பா. நல்லா அமைஞ்சா திண்டிவனத்துல திறக்கப்போற கடையும் உனக்குத்தான். இல்லன்னா உங்க நைனாவோட மல்லாட்டை புடுங்கப் போ."

நைனா சிங்கவரத்தில் அடுத்தவர் நிலத்தில் வேர்க்கடலை பிடுங்கும் அந்தக் கூலி வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார். திண்டிவனத்து வேலை எனக்குக் கிடைத்தேவிட்டதாக அதற்குள் ஊர் முழுக்கச் சொல்லியும் விட்டார்.

முறையாகச் செய்ய வேண்டுமே என்று பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறினேன். அங்கே மதுவிலக்கு இல்லை. ஒரு ஒயின் கடை வாசலில் நின்று அலமாரியைப் படம் போட்டேன்.

"இன்னாபா, வாங்க வந்தியா, வரைய வந்தியா?" என்றார் கடைக்காரர்.

"வரையத்தாங்க."

"அப்ப ஓரமா நில்லு. வாங்கறவனுக்கு வழி வுடு."

ஜாடி அறை நன்றாகவே அமைந்தது: தடித்த சுவர், உயரத்தில் சின்னச் சன்னல், தரையில் ஈர மணல். முன்கடையில் சுவர் நீளத்துக்குக் கண்ணாடி அலமாரி. புட்டிகளைச் சாய்வாகப் படுக்கவைத்து, பின்னால் பல்பு. ஸ்விட்சைப் போட்டதும் அரிஷ்டம் செக்கச்செவேல் என்று ஜொலித்தது. மேல்மலையனூர் அமாவாசைக்குப் போகிற பஸ்களிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன.

பார்த்தார்கள், ஒருவரும் வாங்கவில்லை. வாடிக்கைக்காரர்கள் தெருமுனை வரை வந்து, வெளிச்சத்தைக் கண்டு திரும்பினார்கள். பழைய வாத்தியார் ஒருவர் மட்டும் குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"இன்னா தம்பி இது? எங்கிட்ட படிச்ச பையன் அதோ நிக்கிறான். இந்த வெளிச்சத்துல நான் எப்படி வயித்து வலின்னு சொல்றது?"

ஓமத்திரவம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

"பாண்டிச்சேரிய தூக்கினு வந்து இங்க வச்சிட்டியேடா!" என்று முதலாளி தலையில் கை வைத்தார். "ஏட்டையா கூட வரல. திண்டிவனத்துக்கு வேற ஆள பாத்துக்கறேன்."

"ஒரு வாரம் குடுங்க முதலாளி. நான் மாத்தித் தரேன்."

பல்பை அணைத்துவிட்டுக் கடையில் உட்கார்ந்து கவனித்தேன். வந்தவர் முதலில் லேகியம் விசாரிப்பார். இருமுவார். வயிற்றைத் தடவுவார். இருபுறமும் பார்த்துவிட்டுத்தான் அரிஷ்டம் கேட்பார். அதை வேட்டி மடிப்புக்குள் செருகும்வரை அவருக்கு மூச்சே வராது. இதற்கெல்லாம் கடையில் இடம் வேண்டும். நான் வெறும் புட்டிக்குத்தான் இடம் போட்டிருந்தேன்.

புதிதாக வரைந்தேன். முன்னால் லேகிய டப்பாக்கள், தூசி படிந்த மூலிகைக் கட்டுகள், மாலை போட்ட தன்வந்திரி படம். பின்னால் மரத் தடுப்பு. உள்ளே போகிறவரும் வெளியே வருகிறவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதபடி இரண்டு வழி.

முதலாளி வரைபடத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இதுல அரிஷ்டம் எங்கடா இருக்குது?"

"தெரியாது முதலாளி. எங்க நின்னு பாத்தாலும் தெரியாது."

படத்தைச் சுருட்டி என் கையிலேயே கொடுத்தார்.

"திண்டிவனத்துக்கு எப்ப கிளம்புற?"