நிவாரணக் கண்ணாடி

2024 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். கிணற்றடியில் முகம் கழுவிவிட்டு வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் விட்டேன். மனைவி அவித்த புட்டையும் சம்பலையும் சாப்பிட்டேன். ஏழாம் தரத்தில் படிக்கும் மகளை மோட்டார் சைக்கிளில் ஏற்றி, எங்கள் தீவில் கரம்பொன் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டு, நான் வேலைசெய்யும் தபாலகத்துக்குப் போனேன். பத்து மணிவரை கடிதங்களைப் பிரித்து வைத்துவிட்டு, அரைநாள் விடுப்பில் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினேன். அன்று பெற்றோர் கூட்டம். பெற்றோர் சங்கத்தின் செயலாளர் நான்.

மாகாணச் சுகாதாரத் திணைக்களத்திலிருந்து ஒரு பெண் வைத்தியர் வந்திருந்தார். அவர் சுற்றிவளைக்காமல் பேசினார்.

“பிள்ளையளின்ர கண்ணைப் பாத்துக் கண்ணாடி குடுக்க அரசாங்கத்திட்ட கொஞ்சக் காசு இருக்கு. எல்லாத்துக்கும் காணாது. அதால ரெண்டு வழி யோசிக்கினம். ஒண்டு, வசதி இருக்கோ இல்லையோ எல்லாப் பிள்ளைக்கும் குடுக்கிறது. ஆனால் இந்த வருஷம் சின்ன வகுப்பு, வாற வருஷம் அடுத்த வகுப்பு எண்டு மெல்லத்தான் மேல வரும். மற்றது, உதவிப்பணம் எடுக்கிற குடும்பத்துப் பிள்ளையளுக்கு மட்டும். அது எல்லா வகுப்புக்கும் இந்த மாதமே கிடைக்கும். தீவுப் பள்ளிக்கூடங்கள் எதை விரும்புதெண்டு கேட்டுவரச் சொன்னவை.”

“எங்களைக் கேட்டே செய்யப்போகினம், டொக்டர்?” என்று பின்னாலிருந்து ஒரு தாய் கேட்டார். மண்டபம் சிரித்தது.

“கேட்டதெண்டாவது இருக்கட்டுமே, அக்கா” என்று வைத்தியரும் சிரித்தார்.

மாதிரிக் கண்ணாடி ஒன்று கைமாறி வந்தது. தடித்த பிறவுண் பிறேம். மொத்தமாக வாங்குவதால் எல்லோருக்கும் அந்த ஒரே வகைதான் என்றார் வைத்தியர். என் மகளுக்கும் கண்ணில் குறை இருந்தது. சனிக்கிழமை யாழ்ப்பாணத்தில் ஒரு கண் வைத்தியரிடம் காட்ட நேரம் எடுத்து வைத்திருந்தேன். அந்தப் பிறேமை அவளுடைய முகத்தில் வைத்துக் கற்பனை செய்து பார்த்தேன். பிடிக்கவில்லை. பக்கத்துக் கதிரையில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு எழுந்தேன்.

“வசதி இல்லாத பிள்ளையளுக்குக் குடுங்கோ, டொக்டர். எங்கட பிள்ளையளை நாங்கள் பாத்துக்கொள்ளுவம்.”

முன்வரிசையில் சிலர் கைதட்டினார்கள். ‘நாங்கள் பாத்துக்கொள்ளுவம்’ என்பது எங்கள் தீவில் செத்த வீட்டிலும் கலியாண வீட்டிலும் யாராவது உதவிக்கு வந்தால் முதலில் வாயில் வரும் வசனம். காசு அனுப்பக் கனடாவில் ஒரு தம்பி இருந்தால் அதைச் சற்று உரக்கச் சொல்லலாம். எனக்கு ஒரு தம்பி இருக்கிறான். அந்த வசனத்தை மறுப்பதென்றால், எனக்கு வசதியில்லை என்று சபையில் எழுந்து சொல்லவேண்டும். ஆகவே ஒருவரும் மறுக்கவில்லை. வைத்தியர் அதைக் குறித்துக்கொண்டார்.

“அப்ப நாளைக்குக் காலமை இஞ்சயே கண் பாப்பம். உதவிப்பணம் எடுக்கிற ஆக்கள் மட்டும் கொஞ்சம் நில்லுங்கோ, பேர் பதியவேணும்.”

கதிரைகள் இழுபட்டன. எனக்குத் தெரிந்தே அந்த மண்டபத்தில் உதவிப்பணம் எடுப்பவர்கள் பலர் இருந்தார்கள். எல்லோரும் எழுந்து வாசலை நோக்கி நடந்தார்கள். ஒரு பெண் மட்டும் கதிரையின் முதுகில் கையை வைத்தபடி நின்றார். கணவர் கடலுக்குப் போகிறவர். அவர்களுடைய மகள் என் மகளுக்குப் பக்கத்தில் இருந்து படிப்பவள். வாசலில் நின்றவர்கள் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அவர் கையை எடுத்துவிட்டு வெளியே போனார்.

நான் பின்னால் போய்ப் பள்ளிக்கூடக் கேற்றடியில் மறித்தேன்.

“தங்கச்சி, பேரைக் குடுத்திட்டுப் போமன். இலவசம்தானே.”

“எங்களுக்கு வேண்டாம், அண்ணை.”

“பிள்ளைக்குத் தூரத்தில தெரியாதெண்டு என்ர மகள் சொன்னவள்.”

“தெரியாதுதான். உங்கட மகள் கண்ணாடி போட்டால் படிக்கிற பிள்ளை எண்டுவினம். என்ர மகள் அந்தப் பிறவுண் கண்ணாடியைப் போட்டால் நிவாரணக் கண்ணாடி எண்டுவினம். பெடியள் ஒரு நாளில பேர் வைச்சிடுவாங்கள். பிறகு அவளைப் பள்ளிக்கூடம் அனுப்ப என்னால ஏலாது.”

“அப்பிடி ஆர் சொல்லப்போகினம்?”

“நான் எழும்பி நிக்க நீங்களுந்தானே திரும்பிப் பாத்தனீங்கள்.”

அவர் குடையை விரித்தார். “எல்லாருக்கும் எண்டால் அவளும் எல்லாரோடையும் போட்டிருப்பாள். தர்மம் செய்ய ஆசையெண்டால் கோயில்ல செய்யுங்கோ, அண்ணை.”

நிவாரணம் என்ற சொல் எனக்குப் புதிதல்ல. போர்க்காலத்தில் தீவைவிட்டு இடம்பெயர்ந்து யாழ்ப்பாணத்தில் இருந்தபோது, கூட்டுறவுச் சங்கக் கடையில் நிவாரண அரிசிக்கு நான் நின்றிருக்கிறேன். எனக்கு முன்னால் எங்கள் பள்ளிக்கூட அதிபர் பையோடு நிற்பார். பின்னால் கடலுக்குப் போகிறவர்கள் நிற்பார்கள். அரிசியில் வண்டு என்று எல்லோரும் சேர்ந்தே ஏசுவோம். அந்த வரிசையில் நான் கூசியதாக நினைவில்லை. ஊருக்குத் திரும்பி, சிலர் மட்டும் நிற்கவேண்டி வந்த பிறகுதான் அந்தச் சொல் வசையாக மாறியது. இதெல்லாம் தெரிந்த நான்தான் மண்டபத்தில் எழுந்து பேசினேன்.

பின்னேரம் நடந்ததை மனைவியிடம் சொன்னேன். செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டில் மீன் இல்லை; அவள் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள்.

“என்னப்பா, சனிக்கிழமை பிள்ளையை யாழ்ப்பாணம் கொண்டுபோறம் எண்டதையும் கூட்டத்தில சொன்னியளோ?”

“இல்லை.”

“சொல்லியிருந்தால் இன்னும் பலமாக் கைதட்டியிருப்பினம்.”

மகள் மேசையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். “என்ர பக்கத்தில இருக்கிறவளுக்குப் பலகையில ஒண்டும் தெரியாதப்பா. நான்தான் மெல்ல வாசிச்சுச் சொல்லுறனான். எனக்கும் வடிவாத் தெரியாதே, பிழையா வாசிச்சுப்போடுவன். அப்ப ரெண்டு பேரின்ர கொப்பியிலயும் ஒரே பிழை வரும். பாத்தெழுதினதெண்டு ரீச்சரிட்டப் பேச்சு வாங்கிறது அவள்தான்.”

“நீ ரீச்சருக்குச் சொல்லயில்லையே?”

“சொன்னனான். நான் அவளுக்காகப் பொய் சொல்லுறன் எண்டவா.”

ஊர்காவற்றுறையில் தங்கியிருந்த வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்தேன். பெயர் பதியாமல், எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வரிசையில் விட்டுக் கண் பார்க்க ஏலாதா என்று கேட்டேன்.

“ஏலும். கண் பாக்கிறதுக்குக் காசு பிரச்சினையில்லை. ஆருக்கு அரசாங்கம் குடுக்கிறது, ஆர் தாங்களே வாங்கிறது எண்டதை நான் பிறகு தனியாக் கதைப்பன். அதே பிறவுண் பிறேமைக் கடையில நீங்களும் எடுக்கலாம், அப்ப எது இலவசம் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. இதைக் கூட்டத்திலயே கேட்டிருக்கலாமே?”

“கேட்டிருக்கலாம், டொக்டர்.”

“அப்ப பெற்றோருக்குச் சொல்லிவிடுங்கோ. ஆனால் ஒண்டு. வசதியான ஆக்கள் தங்கட பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வராட்டி, அது பிறகும் பழைய வரிசைதான்.”

ஒவ்வொரு வீடாகத் தொலைபேசியில் சொன்னேன். முன்வரிசையில் கைதட்டியவர்களில் ஒருவர், “எங்கட பிள்ளையை நாங்கள் பாத்துக்கொள்ளுவம்” என்றார். என் குரலையே கேட்டதுபோல் இருந்தது. கடலுக்குப் போகிறவரின் மனைவி, “பாப்பம், அண்ணை” என்று மட்டும் சொன்னார். வருவேன் என்று சொல்லவில்லை.

படுக்கப் போகுமுன் மகள் கேட்டாள்: “அந்தப் பிறவுண் கண்ணாடியோ எனக்கும்?”

“ஓம்.”

அவள் போய்ப் படுத்துக்கொண்டாள். என் பிழையை அவளுடைய முகத்தில் மாட்டப் போகிறேன் என்பது எனக்கு விளங்கியது. வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை வெங்காயத்துக்குத் தண்ணீர் விடவில்லை. முதல் வேலையாக மகளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போய், மண்டப வாசலில், வீதியால் போகிறவர்களுக்குத் தெரியும்படி வரிசையின் முதல் ஆளாக அவளை நிறுத்தினேன். அவளுக்குப் பின்னால் நானும் நின்றேன்.