கணக்கில் சேராத மாத்திரை

நாற்பத்திரண்டு வயதில் ஒருத்திக்கு மாதவிலக்கு தள்ளிப்போனால், இலவச வைத்தியம் பார்க்க இந்தப் பெங்களூரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. நான் கணக்கு சொல்லிக்கொடுக்கும் பள்ளியின் ஆசிரியர் அறையில் ஒருமனதாகத் தீர்ப்பு வந்தது: நிற்கிற காலம். எனக்கும் அது பிடித்திருந்தது. அசதியா, நிற்கிற காலம். எரிச்சலா, நிற்கிற காலம். காபி வாசனைக்குக் குமட்டுகிறதா, அதுவும் அதேதான். வேறு விடை இருக்கலாம் என்று கணக்கு டீச்சருக்குத் தோன்றவேயில்லை.

கடைசியில், சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள அல்ல, மனசாட்சிக்காக ஒரு கர்ப்பப் பரிசோதனைக் கிட் வாங்கிவந்தேன். இரண்டு கோடு விழுந்தது. கணவர் அதைக் கண்ணாடி போட்டும் கழற்றியும் பார்த்தார்.

“எக்ஸ்பைரி ஆன கிட்டா இருக்கும்,” என்றார்.

“கிட் எக்ஸ்பைரி ஆகலைங்க. நாமதான் ஆயிட்டோம்.”

எங்களுக்கு ஒரே மகள். பியூசி இரண்டாம் வருடம், நம் ஊர் பிளஸ் டூ. அவளுக்குப் பிறகு இன்னொன்று வேண்டுமென்று பல வருடம் காத்திருந்து, பார்க்காத டாக்டர் இல்லை என்றாகி, போதும் என்று தொட்டிலை ஈஜிபுராவில் இருக்கும் ஓர் உறவுக்காரப் பெண்ணிடம் கொடுத்துவிட்டிருந்தோம். அதனால் அந்தக் கிட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் சிரித்தது வெட்கத்தால் மட்டும் அல்ல. எனக்கு அந்தக் குழந்தை வேண்டும். அந்த நிமிடமே வேண்டும் என்று ஆகிவிட்டது.

மகளிடம் சொன்னோம். “அம்மா, சீரியஸா சொல்றியா? நான் காலேஜ் முடிக்கிறப்ப இது எல்கேஜி போகுமா?” என்றாள். பிறகு, “பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கு வயித்தைத் தூக்கிட்டு வந்தே, நான் டிசி வாங்கிட்டுப் போயிடுவேன்,” என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

மூன்று மாதம் முடியும்வரை யாருக்கும் சொல்லக்கூடாது என்பது குடும்ப வழக்கம். கணவரும் யாருக்கும் சொல்லவில்லை. மர்பி டவுனில் இருக்கும் அவர் அக்காவுக்கு மட்டும் சொன்னார், யாரிடமும் சொல்லாதே என்ற எச்சரிக்கையோடு. அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் பெண்கள் என் முகத்தைப் பார்க்காமல் வயிற்றைப் பார்த்து ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

மறுநாள் நாத்தனார் பெட்டியோடு லிங்கராஜபுரத்துக்கு, எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். என் ஃபிரிட்ஜில் வருமானவரிச் சோதனை போல ஒரு சோதனை நடந்தது. பப்பாளி போனது, அன்னாசி போனது, கத்தரிக்காய்கூட ஏதோ குற்றத்துக்காகப் போனது.

“இது என்னது டப்பாவுல? எள்ளுருண்டையா? பாவி, யாரை ஒழிச்சுக்கட்டப் பார்க்கிறே?”

“பள்ளிக்கூடத்துல ஒருத்தி குடுத்தா, அக்கா.”

“யாரவ? அவ கண்ணே சரியில்லேன்னு வெச்சுக்கோ.” பார்க்காத பெண்ணின் கண்ணைப் பற்றி இவ்வளவு உறுதியாகப் பேச நாத்தனாரால்தான் முடியும்.

கணவர் போக்குவரத்துத் துறையை எடுத்துக்கொண்டார். ஸ்கூட்டருக்குத் தடை. காரில் கொண்டுவிடுவார். எங்கள் தெருவில் ரோடு குறைவு, ஹம்ப் என்கிற வேகத்தடை அதிகம். ஒவ்வொரு ஹம்புக்கும் வண்டியை நிறுத்தி, என்னைப் பார்த்து, “பிடிச்சுக்கோ,” என்று சொல்லி, ஒரு சின்ன ஜெபமும் பண்ணிவிட்டுத்தான் ஏற்றுவார். பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஒருநாள் பொறுமையிழந்து, “ஏனு சார், மொட்டே லோடா?” என்று கத்தினார். முட்டை லோடு ஏற்றிக்கொண்டு போகிறீர்களா என்று. கணவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

இவ்வளவு காவலுக்கும் நடுவில் தினமும் காலையில் நானும் அவரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஆளுக்கொரு பிபி மாத்திரை விழுங்குவோம். இருவருக்கும் ஒரே மாத்திரை, ஒரே அட்டை. இத்தனை வருடத்தில் சண்டையில்லாமல் நாங்கள் பகிர்ந்துகொண்ட பொருள் அது ஒன்றுதான். நாத்தனார் வந்த பிறகு வெந்நீரை அவரே ஆற்றிக் கொண்டுவந்து தருவார். “போட்டுக்கோம்மா. பிபி ஏறினா பிள்ளைக்கு ஆகாது.” அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் கொடுமை.

ஒன்பதாவது வாரத்தில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சீக்கிரம் போனால் ஸ்கேன் எடுப்பார்கள், ஸ்கேன் எடுத்தால் கண்பட்டுவிடும் என்பது நாத்தனாரின் விஞ்ஞானம். எடை, உயரம் எல்லாம் பார்த்த நர்ஸ் என் கையில் பட்டையைச் சுற்றி பிபி பார்த்தாள்.

“நூத்தி இருபது, எண்பது. இந்த வயசுல சூப்பர் மேடம்!”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்து, “மாத்திரை ஏதாச்சும் தகொள்றீங்களா?” என்று அவள் பாதிக் கன்னடத்தில் கேட்டாள். “ஒண்ணும் இல்லம்மா,” என்றேன். நான் பொய் சொல்லவில்லை. காய்ச்சலுக்குப் போடுவது மாத்திரை, இருமலுக்குக் குடிப்பது மருந்து. பிபி மாத்திரை என்பது எங்கள் வீட்டில் பல் தேய்ப்பது மாதிரி. அதை யாராவது மருந்துக் கணக்கில் சேர்ப்பார்களா?

டாக்டர் ஃபோலிக் ஆசிட் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று தெரிந்து கடிந்துகொண்டார். பப்பாளியைப் பற்றி நான் கேட்டதற்கு, “காயா இருந்தா வேண்டாம், நல்லா பழுத்தது ஒரு துண்டு தின்னா ஒண்ணும் ஆகாது,” என்றார். நாத்தனார் கூட வராதது நல்லதாகப் போயிற்று. ஸ்கேன் திரையில் ஒரு பயறு அளவு வெளிச்சம் துடித்தது. கணவர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். மூக்கையும் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு, “டாக்டர், ஒரு சின்ன டவுட்,” என்றார்.

எனக்குத் தெரியும். பல் டாக்டரிடம் முழங்கால் வலிக்கு வழி கேட்கிற மனிதர். ஒரு ஃபீஸுக்கு ஒரு வியாதி என்பது அவரைப் பொறுத்தவரை நஷ்டம்.

“எனக்குக் கொஞ்ச நாளா எழுந்து நின்னா தலை சுத்துது. பிபி மாத்திரை டோஸ் ஜாஸ்தியோ?”

“சார், நான் லேடீஸ் டாக்டர்.”

“தெரியும் டாக்டர். ரெண்டு பேருக்கும் ஒரே மாத்திரைதான். இவளுக்குச் சுத்தலை, எனக்கு மட்டும் சுத்துதே, அதான்.”

மேஜைக்கடியில் அவர் காலை மிதித்தேன். டாக்டரின் பேனா நின்றது.

“இவங்களுக்கும்னா?”

“ஒரே அட்டை டாக்டர்,” என்று சட்டைப்பையிலிருந்து எடுத்தே காட்டிவிட்டார்.

டாக்டர் அட்டையைத் திருப்பிப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். “மாத்திரை ஒண்ணும் இல்லேன்னு சொன்னீங்களேம்மா?”

“அது பிபி மாத்திரைதானே டாக்டர்.”

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. பிபிக்கு எத்தனையோ வகை மாத்திரை உண்டு, கர்ப்பத்தில் சாப்பிடக்கூடியவையும் உண்டு, இந்த வகை கூடாது, நாள் ஆக ஆகக் குழந்தையின் கிட்னியைக் கெடுக்கும் என்றார். “சும்மா நிறுத்தவும் கூடாது, பிபி ஏறினா அதுவும் ஆபத்து. இன்னிக்கே வேற மாத்திரை எழுதறேன். சீக்கிரம் தெரிஞ்சது, பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. அஞ்சாம் மாச ஸ்கேன்ல கிட்னியைப் பார்ப்போம்.”

‘பெரும்பாலும்’ என்ற சொல்லை வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அன்று வீடு வரும்வரை அதற்கு ஒரு சதவீதம் தேடிக்கொண்டிருந்தேன்.

வீட்டில் விஷயத்தைக் கேட்டதும் நாத்தனார் அடுப்படிக்குப் போனார். வெந்நீர்ப் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “நான்தானேம்மா தண்ணி ஆத்திக் குடுத்தேன்,” என்றார். கணவரோ, “நான் கேக்கலேன்னா என்ன ஆயிருக்கும்!” என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவருடைய கஞ்சத்தனத்தால் ஓர் உயிர் தப்பியது என்பதை மறுக்கலாமென்றால், நடந்தது என்னவோ அதுதான்.

அடுத்த வாரங்களில் பாடம் எடுத்தேன், விடைத்தாள் திருத்தினேன். பாதிக் கணக்கில் கரும்பலகை முன் நின்று என்ன எழுத வந்தேன் என்று மறந்துபோவேன். புது மாத்திரையை விழுங்குமுன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் படிப்பேன்.

ஐந்தாம் மாத ஸ்கேனுக்கு மகள் கேட்காமலே கூட வந்தாள். இருட்டறையில் நான் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அவள்தான் கேட்டாள்.

“டாக்டர், கிட்னி? ரெண்டும் ஓகேயா?”

“ரெண்டும் இருக்கும்மா, நல்லா இருக்கு. பிள்ளை ஒண்ணுக்குப் போறதுதான் சுத்தி இருக்கிற தண்ணி, அதுவும் போதுமான அளவு இருக்கு.”

நான் நம்பவில்லை. படத்தை யார் நம்புவது? மாதம் நிறைந்து, பிள்ளை பிறந்ததும் என் மடியில் வைத்தார்கள். பையன். ஆளைப் பார்க்கக்கூட நேரம் கொடுக்காமல் என் மேல் சூடாக ஒன்றுக்குப் போனான். நான் ஓவென்று அழுதேன். நர்ஸ் பதறி, “ஐயோ மேடம், துணி மாத்திடறேன்,” என்று ஓடிவந்தாள்.

“இருக்கட்டும்மா,” என்றேன். “இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்.”